வாய்க்கும் மைக்குக்கும் நடுவே ஒரு சாண்

1. ஆடி மாதத்தில் என் அண்ணி, தன் பிறந்த ஊரான படவேட்டில், அம்மன் கோயிலில் பாடினார்.

2. வேண்டுதலுக்காக அங்கே வந்திருந்த ஒரு பெண்மணி அதைக் கேட்டார். சென்னையில் ஒலிப்பதிவுகளுக்குக் கோரஸ் பாட ஆள் சேர்த்துக் கொடுப்பது அவர் வேலை. தன் எண்ணைக் கொடுத்து, ஒரு பாட்டைப் பதிந்து அனுப்பச் சொன்னார்.

3. அண்ணி ஆரணிக்குத் திரும்பி, எங்கள் வீட்டு நடு அறையில் உட்கார்ந்து, போனிலேயே பாடிப் பதிந்து அனுப்பினார்.

4. பதில் வந்தது: "குரல் நல்லா இருக்கும்மா. பின்னாடி இன்னா, மில்லு ஏதாவது ஓடுதா?"

5. ஓடியது மில் அல்ல. அப்பாவின் தறிகள்.

6. நல்ல மைக்காகப் பார்த்து, பின்னணிச் சத்தம் இல்லாமல், வரும் வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளிக்குள் மறுபடி அனுப்பச் சொன்னார். வராவிட்டால் கோரஸில் காலியாக இருக்கும் இடத்துக்கு வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது உண்மை என்று தெரிந்தது.

7. வீட்டில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால், மைக் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

8. நான் தவறான மைக்கைத் தேர்ந்தெடுத்தேன்.

எட்டாவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நான் கண்ணை மூடிக்கொண்டு தவறவில்லை. முறையாக ஆராய்ந்து தவறினேன்.

ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தபடியே சோதனைப் பணி செய்கிறேன். ஒரு பொருள் எங்கெங்கே சொதப்பும் என்று முன்கூட்டியே பட்டியல் போடுவதுதான் என் தொழில். அதனால் மைக்குக்கும் ஒரு பட்டியல் போட்டேன். கணினியில் நேராகச் சொருக வேண்டும். முன்னால் வரும் ஒலியை எடுத்து, பின்னால் வருவதை விட்டுவிட வேண்டும். அண்ணனிடம் கேட்டால் அவன் முகம் மாறாத விலையாக இருக்க வேண்டும். பிறகு இணையத்தில் மைக் பற்றிப் பேசுகிறவர்களை வரிசையாகக் கேட்டேன். அவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி அறையில் உட்கார்ந்திருந்தார்கள். சுவர் முழுக்கக் கறுப்பு ஸ்பாஞ்சு, பின்னால் ஊதா விளக்கு. வீட்டில் பாட்டுப் பதிவதற்குக் கண்டென்சர் மைக்தான் என்று ஒருமனதாகச் சொன்னார்கள். அதிலும் கட்டுப்படியாகிற விலையில் இருந்த ஒன்றை, சின்னச் சின்ன ஒலியைக்கூட விடாது என்று ஒருவர் இரண்டு முறை சொன்னார். அதையே வாங்கினேன்.

அவர்கள் தெருவில் தறி இல்லை என்பது எனக்குத் தோன்றவில்லை. எங்கள் தெருவில் தறி இருக்கிறது என்பதும் தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து கேட்பதால் அது எனக்குச் சத்தமாகவே படுவதில்லை. மூச்சு விடுவதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை அல்லவா, அதுபோல.

மைக் வந்த அன்றே பதிந்து பார்த்தோம். பின்கட்டில் ஓடும் இரண்டு விசைத்தறிகளையும் அப்பா நிறுத்தினார். அதை அவர் லேசாகச் செய்யவில்லை. பட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது தறியை நிறுத்தி மறுபடி ஓட்டினால், நின்ற இடத்தில் சேலையின் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று விழும். வாங்குகிறவர்கள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அந்தக் கோட்டின் மேல் விரலை வைப்பார்கள். "ஜல்தி பாடி முடிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பா வாசலில் போய் நின்றார்.

எங்கள் தறி நின்றதும்தான் பக்கத்து வீட்டுத் தறி கேட்டது. அவர்களிடம் போய்ச் சொல்லட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். அவர்கள் நிறுத்தினால் எதிர்வீட்டுத் தறி கேட்கும், அதை நிறுத்தினால் அதற்கடுத்தது கேட்கும், இப்படியே செய்யார் ரோடு வரைக்கும் நடந்தால் முதலில் நிறுத்தியவர் அதற்குள் காப்பி குடித்துவிட்டு வந்து ஓட்ட ஆரம்பித்துவிடுவார் என்றார். இரவில் பதியலாமே என்று சிலருக்குத் தோன்றலாம். இரவில் அண்ணன் செய்யார் தொழிற்பேட்டையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து, நடு அறையில் படுத்துக் குறட்டை விடுவான். தறிக்காவது ஓர் ஒழுங்கு உண்டு.

அண்ணி பாடி முடித்ததும் நான் ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். இணையத்தில் புகழ்ந்தவர் பொய் சொல்லவில்லை. அந்த மைக் எதையும் விடவில்லை. பக்கத்து வீட்டுத் தறிகள் தனித்தனியாகக் கேட்டன. அவற்றில் ஒன்றுக்கு எண்ணெய் விட வேண்டியிருந்தது. தெருவில் கோலமாவு விற்கிறவரின் வண்டி வந்து, நின்று, போனது. வாசலில் அப்பா பொறுமையில்லாமல் இருமினார். இதற்கெல்லாம் நடுவில், கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல, அண்ணியின் குரல் கேட்டது. அந்தக் குரலுக்குச் சமமான பலத்தில், இரண்டு அறை தள்ளிச் சமையலறையில் இருந்த அம்மாவின் குரலும் கேட்டது. செய்யாரில் இருக்கும் சித்தியிடம் அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தார்.

நான் ஹெட்போனைக் கழற்றி அண்ணிக்கு மாட்டிவிட்டேன். அம்மா சொன்னது இதுதான்: "நம்ம மருமவ சினிமாவுல பாடப் போவுது. இப்பக்கூட உள்ள பாடிகினுதான் கீது. நீ யார்கிட்டயும் சொல்லாத."

அண்ணி அந்த இடத்தைத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார். பிறகு ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டார்.

"பாப்பா, நாம சினிமான்னு சொல்லவே இல்லியே."

"அதை அம்மா சேத்துக்கினாங்க அண்ணி."

"என்கிட்ட ஒரு நாளும் நல்லா பாடறன்னு சொன்னதில்ல அத்த."

"இப்பவும் உங்ககிட்ட சொல்லல. சித்திகிட்டதான் சொல்றாங்க."

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் முகம் மாறியது. என் சித்தியிடம் யாரிடமும் சொல்லாதே என்று சொன்னால், அது ஊருக்குச் சொல்ல அனுமதி கொடுத்த மாதிரி. இதுவரை இந்த விஷயம் எங்கள் வீட்டைத் தாண்டவில்லை என்று அவர் நினைத்திருந்தார். நடக்காவிட்டால் நடக்காமலே போயிருக்கும், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கோயிலுக்கு வெளியே ஒருவர் அவர் குரலைக் கேட்க விரும்பியது இதுதான் முதல் தடவை. இனி அது தவறிப்போனால், படவேட்டில் இருக்கும் அவருடைய அம்மா வரைக்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும். அதை அவரே விரல்விட்டு எண்ணிச் சொன்னார். பட்டியல் போடும் வழக்கம் என்னிடமிருந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

அப்பாதான் அமாவாசையை நினைவுபடுத்தினார். எங்கள் ஊரில் அமாவாசையன்று தறி ஓடாது. கைத்தறியானாலும் விசைத்தறியானாலும் அன்றைக்கு விடுமுறை. தேதி சொன்ன வெள்ளிக்கிழமைக்கு முன்னால், புதன்கிழமை அமாவாசை வந்தது. தெரு முழுக்கத் தறி நிற்கும் ஒரே நாள். அன்று காலையில் உட்கார்ந்து நிதானமாகப் பதிந்துவிடலாம் என்று முடிவு செய்து, மைக்கைத் துணி போட்டு மூடி வைத்தோம்.

அமாவாசை காலையில் தெரு உண்மையிலேயே அடங்கிக் கிடந்தது. அண்ணி நடு அறையில் வந்து உட்கார்ந்து, "வெறிச்சுனு கீது பாப்பா" என்றார். தறிச் சத்தத்தின் மேல் பாடிப் பழகியவருக்கு அந்த அமைதியில் தாளம் எங்கே தொடங்குவது என்று கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. பிடிபட்டபோது பக்கத்து வீட்டில் சுத்தியல் விழ ஆரம்பித்தது.

தறி ஓடாத நாளில்தான் தறியைப் பழுது பார்ப்பார்கள். அதை நான் யோசிக்கவில்லை. சுவரில் ஆணி அடிக்க வேண்டியவர்கள் அன்றைக்குத்தான் அடிப்பார்கள், மோட்டாரைக் கழுவுகிறவர்கள் அன்றைக்குத்தான் கழுவுவார்கள், ஒரு மாதமாகப் பேச வேண்டியதைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் அன்றைக்குத்தான் வாசலில் நின்று பேசுவார்கள். நாங்கள் இடைவெளி பார்த்துப் பார்த்துப் பாடினோம். ஒரு தடவை எல்லாம் ஒரே நேரத்தில் ஓய்ந்தன. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு நன்றாக ஏற்றிப் பாடினார். பாட்டு முடிய ஒரு வரி இருக்கும்போது மாடியில் அம்மா, படையல் சோற்றை வைத்துவிட்டு, காக்கையைக் கூப்பிட்டார். அம்மா கூப்பிட்டால் காக்கை வராமல் இருக்காது. கூட்டமாக வந்தது. அந்தக் கண்டென்சர் மைக் அம்மாவின் "கா, கா"வையும், அதற்கு வந்த பதில்களையும், ஒவ்வோர் இறகோடும் பதிந்து வைத்தது.

அதை அழிக்குமுன் பழக்கத்தில் ஒருமுறை கேட்டேன். காக்கை வருவதற்கு முந்தைய பகுதி, சத்தமே இல்லாத பகுதி, நன்றாக இருந்திருக்க வேண்டும். அதுவும் கிணற்றுக்குள் இருந்துதான் வந்தது. தறி இல்லை, சுத்தியல் இல்லை, இருந்தும் அண்ணியின் குரல் அடுத்த வீட்டில் பாடுகிறவர் குரல் போலவே இருந்தது. கணினித் திரையில் பார்த்தேன். முதல் வரியில் ஒலியின் அலைகள் உயரமாக இருந்தன. இரண்டாவது வரியில் குட்டையாயின. பாட்டு போகப் போக இன்னும் சிறுத்தன. சோதனை செய்கிறவளுக்கு இப்படி ஒன்று கிடைத்தால் விட மனசு வராது. மறுபடி பாடச் சொல்லிவிட்டு, இந்த முறை திரையைப் பார்க்காமல் அண்ணியைப் பார்த்தேன்.

நாற்காலி நகரவில்லை. அண்ணி நகர்ந்தார். முதலில் நான் சொன்னபடி மைக் அருகில் இருந்தவர், ஒவ்வொரு வரிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சாய்ந்து, கடைசியில் முதுகு நாற்காலியில் அழுந்த உட்கார்ந்திருந்தார்.

"அண்ணி, ஏன் பின்னாடி போறீங்க?"

"நான் போவலியே."

"ஆரம்பிக்கறப்ப மைக்கு கிட்ட இருந்தீங்க. இப்ப சாஞ்சிகினு இருக்கீங்க."

அவர் மைக்கையும் தன்னையும் பார்த்து, தூரத்தை நம்ப முடியாதவர்போல் கையால் அளந்தார். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்.

"எச்சில் பட்டுடும் பாப்பா."

சிறு வயதிலிருந்து அவர் பாடியது கோயில் மைக்கில். அது எல்லோருக்கும் பொது. வாய்க்கும் மைக்குக்கும் நடுவே ஒரு சாணாவது இருக்க வேண்டும் என்று சொல்லியே சிறுமிகளைப் பாடவிட்டார்கள். அம்மன் பாட்டைப் பாடும் மைக்கில் வாய் வைத்த ஒரு பெண்ணை, மூன்று வீட்டுப் பெரியம்மாக்கள் சேர்ந்து திட்டியதை அவர் நேரில் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு அந்தத் தூரம் அவர் கழுத்திலேயே பதிந்துவிட்டது. எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தனக்கென்று வைத்திருக்கும் பாட்டிலில்கூட அண்ணி அண்ணாந்துதான் தண்ணீர் குடிப்பார். மைக்கிலும் அண்ணாந்தே பாடியிருக்கிறார்.

இது பொது மைக் இல்லை, உங்களுடையது என்றேன். அவரிடம் அதற்கும் பதில் இருந்தது. பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்று நான்தானே சொன்னேன், திருப்பிக் கொடுக்கப் போகிற பொருளில் எப்படி வாய் வைப்பது, நாளைக்கு அது யார் வீட்டுக்குப் போகுமோ என்றார். அது உண்மைதான். நான் பெட்டியைக்கூடக் கிழிக்காமல் பத்திரமாக வைத்திருந்தேன்.

நியாயமாகச் சொன்னால் பழி முழுவதையும் கண்டென்சர் மேல் போட முடியாது. குரல் ஒரு முழம் தள்ளியிருந்தால் எந்த மைக்கும் மற்ற சத்தத்தைத்தான் முதலில் எடுக்கும். ஆனால் அண்ணியை மைக்குக்கு அருகில் வரவைத்துச் சோதித்தபோதும் அது பக்கத்து வீட்டுச் சுத்தியலை விடவில்லை. எங்களுக்கு வேண்டியது கூர்மையான காது இல்லை, கொஞ்சம் மந்தமான காது. டைனமிக் மைக் அப்படிப்பட்டது. வாயை ஒட்டி வைத்தால்தான் அதற்குக் கேட்கும், எட்டத்தில் நடப்பதை அது பெரிதாகப் பொருட்படுத்தாது. மேடையில் மேளத்துக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவர்கள் பிடிப்பது அதைத்தான். அமைதியான நாளைத் தேடுவதை விட்டுவிட்டு, சத்தத்துக்கு ஏற்ற மைக்கைத் தேடியிருக்க வேண்டும் என்பது அமாவாசை மதியம் எனக்கு உறைத்தது. ஆன்லைனில் வாங்கினால் வெள்ளிக்கிழமைக்குள் வராது. மைக் செட் கடைக்குக் கிளம்பினோம்.

கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒலிபெருக்கி கட்டுகிற கடை அது. கடைக்காரர் முதலில் தன் வாடகை மைக் ஒன்றை எடுத்துக் காட்டி, ராசியான மைக், பழக்கமானவர்கள் என்பதால் தருகிறேன் என்றார். யார் யார் பேசியது என்று அண்ணி கேட்டார். கடைக்காரர் பெருமையாகச் சொல்லத் தொடங்கினார். வட்டச் செயலாளர்கள், மாப்பிள்ளைகள், ஒப்பாரி வைத்தவர்கள். சொல்லச் சொல்ல அண்ணி ஒரு சாண் தள்ளிப் போனார்.

புதிதாக, பெட்டி பிரிக்காததாக, டைனமிக் மைக் இருக்கிறதா என்று நான் கேட்டேன். மேல் தட்டிலிருந்து ஒன்றை இறக்கித் தூசி தட்டினார்.

"இத கீழ போட்டாக்கூட ஒண்ணும் ஆவாதும்மா. ஒரு தபா மாப்பிள்ளையே கோவத்துல வீசிட்டாரு."

"பின்னாடி வர்ற சத்தத்த எடுக்குமாங்க?"

"பின்னாடிலாம் யாரும் பேச மாட்டாங்கம்மா. எக்கோ மட்டும் கொஞ்சம் ஏத்தி வையி. எக்கோ வெச்சா எல்லாரும் பாடகிதான்."

எக்கோ வேண்டாம் என்றதும் அவருக்கு எங்கள் மேல் இருந்த மரியாதை குறைந்தது. மைக்கோடு ஸ்பாஞ்சு உறை ஒன்றும் வாங்கினோம். மற்ற மைக்கைவிட இது விலை குறைவு. கணினியோடு இணைக்க ஒரு சின்னப் பெட்டி வேண்டும். கல்லூரியில் ப்ராஜெக்ட்டுக்காக வாங்கியது என்னிடம் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணியிடம் மூன்று விஷயங்களை உறுதி சொன்னேன். இந்த மைக்கைத் திருப்பிக் கொடுக்க முடியாது, பில்லிலேயே போட்டிருக்கிறது. இதில் வேறு யாரும் பேச மாட்டார்கள், நான் உட்பட. உறையைக் கழற்றிக் கழுவலாம். மூன்றாவது அவருக்கு மிகவும் பிடித்தது. உடனே கழுவி, பிழிந்து, கொடியில் காயப் போட்டார். அம்மா அதைத் தொட்டுப் பார்த்து, யாருக்குக் குல்லா என்று கேட்டார்.

வியாழக்கிழமை தெரு வழக்கம்போல் ஓடியது. அப்பா நிறுத்தட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். மைக்கின் முதுகு பின்கட்டைப் பார்க்கும்படி வைத்தேன். அண்ணன் போர்த்திக்கொள்ளும் கம்பளியைப் பின்கட்டுக் கதவில் தொங்கவிட்டேன். அண்ணி உட்கார்ந்து, கண்ணை மூடி, உறையில் உதடு படும் அளவுக்கு வந்து, மறுபடி பின்னால் போனார்.

"உங்க பாட்டிலு மாதிரி நெனச்சுக்குங்க."

"பாட்டில்லயும் வாய் வெக்க மாட்டேனே."

"அப்ப டூத் பிரஷ் மாதிரி."

அவர் யோசித்தார். டூத் பிரஷ் பொதுவில்லை என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. முன்னால் வந்தார். இந்த முறை பின்னால் போகவில்லை. தறிகள் தட்டிக்கொண்டிருந்தன, அதன் மேல் தாளம் பிசகாமல் பாடினார். பாட்டு நடக்கும்போது அம்மா சமையலறையிலிருந்து வந்து கதவோரம் நின்றார். கையில் கரண்டி இருந்தது.

கேட்டுப் பார்த்தோம். தறி இல்லாமல் இல்லை. தேடினால் அடியில் எங்கோ, மூடிய பெட்டிக்குள் கடிகாரம் ஓடுவதுபோல் கேட்டது. மேலே அண்ணி பாடிக்கொண்டிருந்தார், காதுக்குள்ளேயே.

"மூச்சு வுடறதுகூட கேக்குதே" என்றார் அவர்.

"கேக்கணும் அண்ணி."

அம்மா ஹெட்போனைக் கேட்டு வாங்கி, நின்றபடியே முழுப் பாட்டையும் கேட்டார். "இன்னும் கொஞ்சம் சாப்ட்டா குரல் நல்லா எழும்பும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். எங்கள் வீட்டில் இது பாராட்டு. அண்ணி அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். அன்று மாலையே பாட்டை அனுப்பினோம்.

சனிக்கிழமை பதில் வந்தது. ஒரு பக்திப் பாட்டுத் தொகுப்புக்குக் கோரஸ் பாட வரச் சொல்லியிருந்தார்கள். அண்ணன் விடுப்பு எடுத்துக் கூட்டிக்கொண்டு போனான். திரும்பி வந்த அண்ணி முதலில் சொன்னது, அங்கே ஐந்து பெண்களுக்கும் சேர்த்து ஒரே மைக், அதுவும் கண்டென்சர், எல்லோரும் இரண்டடி தள்ளி நிற்க வேண்டும் என்றார்கள் என்பது. புதுப் பழக்கத்தில் கிட்டே போய் நின்றவரை, பின்னால் போங்கம்மா என்று தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள். இதை அவர் என்னைப் பார்த்து, குற்றம் சாட்டுகிற மாதிரிச் சொன்னார். அவர்களுடைய அறையில் தறி இல்லை அண்ணி என்று மட்டும் சொன்னேன்.

இப்போதைய நிலை இது. கண்டென்சர் மைக்கைத் திருப்பி அனுப்பிவிட்டோம். அண்ணி அந்தக் கோரஸ் குழுவில் இருக்கிறார். மாதத்தில் ஒரு முறையாவது சென்னைக்குக் கூப்பிடுகிறார்கள், சில மாதங்களில் கூப்பிடுவதில்லை. தனியாகப் பாட இதுவரை வாய்ப்பு வரவில்லை. அதற்காக வீட்டில் புதிய பாட்டு ஒன்றைப் பதிந்துகொண்டிருக்கிறோம், தறி ஓடும் நாட்களில்.